கார் இல்லாமல் ஓர் இங்கிலாந்துக் கிராமம்: ஈடேலில் தங்கி மலை நடக்கப் போகிறவர்களுக்கு

முதல் முறை போனபோது நான் செய்த தப்பு, படத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தது. தேன் நிறக் கல்வீடுகள், சன்னலோரம் பூந்தொட்டி, வாத்து நீந்தும் ஓடை. உடனே அறை போட்டுவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அம்மாவும் போய் இறங்கினோம். மறுநாள் அந்த ஊருக்குப் பேருந்தே கிடையாது என்பது நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு மதியத்தோடு, சாப்பாடும் கிடைக்கும் ஊர் மதுக்கடையான பப்பின் சமையலறையை மூடிவிட்டார்கள். இருந்த ஒரே கடையும் நான்கு மணிக்குச் சாத்தியாயிற்று. ராத்திரிச் சாப்பாடு பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். "இதுக்காடி இவ்வளவு தூரம் பறந்து வந்தோம்?" என்று அம்மா கேட்டார். திங்கட்கிழமை ரயில் நிலையம் வரைக்கும் டாக்சிக்கு 45 பவுண்டு அழுதோம்.

அடுத்த முறை ஈடேலுக்குப் போனோம். ஐந்து இரவு தங்கினோம், டாக்சி ஒரு தடவைகூட எடுக்கவில்லை. இரண்டு பயணத்திலும் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ரயில் நிலையம், பிறகுதான் ஊர்

கார் ஓட்டாதவர் என்றால், ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் உள்ள கிராமமாகப் பாருங்கள். அழகான கிராமங்களுக்கு இங்கிலாந்தில் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வரும் கிராமங்கள்தான் குறைவு.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் குறுக்கே ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதை போகிறது. அதில் ஈடேல், ஹோப், பாம்ஃபோர்ட், ஹாதர்சேஜ் என்று வரிசையாகக் கிராமங்கள். நான் பரிந்துரைப்பது ஈடேல். நிலையத்தில் இறங்கி ஒரே தெருவில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஊர் முடிந்துவிடும், அதற்கப்புறம் மலைதான். ஆனால் அங்கே பெரிய கடை எதையும் எதிர்பார்க்காதீர்கள். கடையும் காபியும் பக்கத்திலேயே வேண்டும், கொஞ்சம் சமதரையாகவும் இருக்க வேண்டும் என்றால் ஹாதர்சேஜ் பாருங்கள். காசில்டன் இவை எல்லாவற்றையும்விடப் பிரபலம், குகைகளும் கோட்டையும் அங்கேதான். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. ஹோப் ஊருக்கும் அதன் நிலையத்துக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் போல நடை உண்டு. பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது அது சின்னத் தூரமில்லை.

இன்னொன்று. மான்செஸ்டர் – ஷெஃபீல்ட் வேக ரயில்கள் ஈடேலில் நிற்காமல் போய்விடும். எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டிதான் உங்களுடையது. பெரும்பாலும் மணிக்கு ஒன்று வரும்.

2. விசா: மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு வழக்கமான பார்வையாளர் விசா வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதிருந்து விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் முடியாது. ஆறு மாத விசாவின் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 127 பவுண்டு ஆனது. அடிக்கடி ஏற்றுகிறார்கள், அதனால் கட்டும் அன்று பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் அந்தப் பணம் திரும்பாது. குடும்பமாகப் போனாலும் ஆளுக்கொரு விண்ணப்பம்தான். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். கோடை விடுமுறைக் காலத்தில் இழுத்தடிக்கலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அதை மறந்துவிட்டு விமான நிலையத்துக்குப் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

நான் வைத்த காகிதங்கள்: ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, அலுவலகம் கொடுத்த விடுப்புக் கடிதம், வருமான வரித் தாக்கல், நாள்வாரியான பயணத் திட்டம். அம்மாவுக்கு ஓய்வூதிய விவரமும், செலவு முழுக்க என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்த கடிதமும், நான் அவர் மகள்தான் என்பதற்கு என் பிறப்புச் சான்றிதழும். அந்தச் சான்றிதழ் பழையது, முழுக்கத் தமிழில் இருந்தது. அப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் சேர்த்துத் தர வேண்டும். கடைசி நேரத்தில் இதற்கு நான் நான்கு நாள் அலைந்தேன்.

பெரிய பொறி ஒன்று உண்டு. கணக்கில் பணம் குறைவாகத் தெரிகிறதே என்று விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் எங்கிருந்தோ மூன்று லட்சத்தைக் கொண்டுவந்து போடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணம் இருப்பதைவிட, கணக்கில் கொஞ்சமாக இருப்பதே மேல். வைப்புநிதியை உடைத்துப் போட்டால் அதன் ரசீதையும் சேர்த்து வையுங்கள். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிப் பொய்க் காகிதம் செய்து தரும் முகவரிடம் போகவே வேண்டாம். பிடிபட்டால் பத்து வருடம் வரை தடை விழும்.

விசா கையில் வரும்வரை விமானச் சீட்டு எடுக்காதீர்கள். அறையை மட்டும், பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் போட்டுவையுங்கள்.

3. லண்டனில் இறங்க வேண்டியதில்லை

நம்மவர்களுக்கு இங்கிலாந்து என்றால் ஹீத்ரோதான். அங்கே இறங்கினால் நகரத்துக்குள் வந்து, செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயில் பிடித்து, ஷெஃபீல்ட் வர இரண்டு மணி நேரம். பிறகு வண்டி மாறி ஈடேலுக்கு அரை மணிக்குச் சற்று மேல். பத்து மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு இது வதை.

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழியாக மான்செஸ்டருக்கு விமானம் உண்டு. விமான நிலையத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. மான்செஸ்டர் பிக்கடில்லி நிலையத்துக்குச் சுமார் இருபது நிமிடம், அங்கிருந்து ஈடேலுக்கு முக்கால் மணி நேரம் போல. நாங்கள் மதியம் தரையிறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தங்குமிட முகவரியைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். குடியேற்ற அதிகாரி கேட்கலாம். எங்களிடம், "ஈடேலா? அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டார். யாரையும் தெரியாது, நடக்கப் போகிறோம் என்றேன். புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்த அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

4. எப்போது போவது, எங்கே தங்குவது

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நல்லது. ஜூன் கடைசியில் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகஸ்டில் மலை முழுக்க ஹெதர் செடி ஊதாவாகப் பூக்கும், பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது பள்ளி விடுமுறைக் காலம். மே மாத முதல் திங்கள், கடைசித் திங்கள், ஆகஸ்ட் கடைசித் திங்கள் மூன்றும் பொது விடுமுறை. அந்த வார இறுதிகளைத் தவிருங்கள்.

அறை மூன்று வகை. காலைச் சாப்பாட்டோடு சேர்ந்த வீட்டு அறை ஒன்று. நாங்கள் இரண்டு பேருக்கு இரவுக்கு 110 பவுண்டு கொடுத்தோம். இளைஞர் விடுதி இன்னொன்று, பெயர்தான் அப்படி, எந்த வயதினரும் தங்கலாம், பொதுச் சமையலறையும் உண்டு. ஈடேல் விடுதி நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போலத் தள்ளி இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். மூன்றாவது கூடாரம். அதற்கென்று உள்ள இடத்தில் பணம் கட்டித்தான் போட வேண்டும். கண்ட இடத்தில் மலையில் கூடாரம் போட இங்கே உரிமை கிடையாது, நில உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

சனிக்கிழமையை மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், குறைந்தது இரண்டு இரவு என்பார்கள். ஞாயிறு முதல் வெள்ளி வரை என்று கேட்டால் இடமும் கிடைக்கும், விலையும் இறங்கும். சின்ன இடங்களில் சாவி கொடுக்கும் நேரம் உண்டு. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு முன் உள்ளே விட மாட்டார்கள். இரவு எட்டுக்கு மேல் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வரவேற்பறை என்று தனியாக ஒன்று இருக்காது.

5. ரயில் சீட்டும் பேருந்தும்

இரண்டு பேர் சேர்ந்தே பயணம் செய்வதென்றால் 'டூ டுகெதர்' ரயில் அட்டை வாங்குங்கள். 2025 கணக்கில் 35 பவுண்டு, ஒரு வருடம் செல்லும், இருவர் சீட்டிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டவரும் வாங்கலாம், புகைப்படம் மட்டும் வேண்டும். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டதே என்று நான் முதலில் மூத்தோர் அட்டை வாங்கப் போனேன். அதில் அம்மா சீட்டுக்கு மட்டும்தான் தள்ளுபடி, என் சீட்டு முழு விலை. 'டூ டுகெதர்' வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன் செல்லாது, வார இறுதியில் அந்தத் தடை இல்லை. மொத்த ரயில் செலவு 105 பவுண்டைத் தாண்டினால்தான் அட்டையால் லாபம், இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீண்ட தூரத்துக்கு 'அட்வான்ஸ்' சீட்டு மலிவு. ஆனால் அதில் எழுதியிருக்கும் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். விமானம் தாமதமாகி வண்டியைத் தவறவிட்டால் சீட்டு போனதுதான். அதனால் இறங்கும் நாளன்று அட்வான்ஸ் எடுக்காதீர்கள். சீட்டில்லாமல் ஏறி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஆபத்து. அபராதம் வசூலிக்கும் வண்டிகளில் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50, அதற்கு மேல் கட்டணம் வேறு.

பேருந்தில் ஒரு வழிக் கட்டணம் இங்கிலாந்தின் பெரும்பாலான தடங்களில் அதிகபட்சம் 3 பவுண்டு. இந்த உச்சவரம்பு 2027 மார்ச் வரை இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். காசில்டன், ஹோப், ஹாதர்சேஜ் வழியாக ஷெஃபீல்ட் போகும் 272ஆம் எண் பேருந்து நமக்கு உதவும். கிராமத்து நிறுத்தத்தில் கையை நீட்டினால்தான் வண்டி நிற்கும். சும்மா நின்று வேடிக்கை பார்த்தால் ஓட்டுநர் உங்களையும் ஊர்க்காரர் என்று நினைத்துப் போய்விடுவார். எங்களுக்கு அப்படி ஒரு வண்டி போயிருக்கிறது.

சனி இரவே ஒரு வேலை செய்யுங்கள்: ஞாயிறு ரயில் ஓடுகிறதா என்று பாருங்கள். தண்டவாளப் பராமரிப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் வைப்பார்கள். ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகும்.

6. சாப்பாடு

பப் சமையலறை நாள் முழுக்க ஓடாது. மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை. மாலை ஆறிலிருந்து எட்டு, எட்டரை. எட்டே முக்காலுக்குப் போய் நின்றால் பொரித்த உருளைக்கிழங்கு பாக்கெட்தான். ஞாயிறு மாலை பல இடங்களில் அடுப்பே எரியாது. மேசையில் உட்கார்ந்து யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுன்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வர வேண்டும்.

சைவம் கிடைக்கும், கவலை வேண்டாம். முழு உருளைக்கிழங்கைச் சுட்டு, பிளந்து, பீன்ஸும் சீஸும் வைத்துத் தருவது எங்கும் உண்டு. ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேளுங்கள்: உருளைக்கிழங்கு சிப்ஸ் எதில் பொரிக்கிறீர்கள்? வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் நிறைய. நான் கேட்காமல் வாங்கிவிட்டேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் இறைச்சி, பால் பொருள் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் எடுத்துப் போனோம். பொதுச் சமையலறை உள்ள இடமென்றால் இது போதும். அரிசி, தயிர், காய்கறியை மான்செஸ்டரிலோ ஷெஃபீல்டிலோ வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுங்கள்.

கார்டு எங்கும் செல்லும். கொஞ்சம் சில்லறையும் வையுங்கள். சில வீட்டு வாசலில் முட்டையோ ஜாமோ வைத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்திருப்பார்கள். ஆளே இருக்காது. எடுத்துக்கொண்டு காசைப் போட வேண்டியதுதான்.

7. நடை

இதற்காகத்தானே வந்தோம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வயலுக்கு நடுவே பாதை போகிறதே, யாராவது திட்டுவார்களோ என்று முதல் நாள் தயங்கித் தயங்கி நின்றோம். தயங்க வேண்டாம். மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது பொது நடைவழி, அடுத்தவர் நிலத்தில் போனாலும் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். பாதையை விட்டு விலகாதீர்கள். வாயிற்கதவு மூடியிருந்தால் தாண்டியதும் மறுபடி மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள், அதில் விவசாயி ஒரு கணக்கு வைத்திருப்பார். கல்சுவரில் கதவே இல்லாமல் இரண்டு படி மட்டும் துருத்திக்கொண்டு இருக்கும், அதில் ஏறித் தாண்ட வேண்டும். புடவையில் முடியாது. அம்மா இரண்டாம் நாளே என் டிராக் பேன்ட்டுக்கு மாறிவிட்டார்.

வரைபடம்: பிரிட்டிஷ் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்1, டார்க் பீக். காகிதத்தில் வாங்குங்கள். அதே நிறுவனத்தின் செயலியையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அறையில் இணையம் இருக்கும்போதே வரைபடத்தை இறக்கிவிடுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் வரும், போகும்.

நேரக் கணக்குக்குப் பழைய விதி ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நமக்கு அது பொருந்தாது. வந்ததை ஒன்றரையால் பெருக்குங்கள். அம்மா வந்தால் இரண்டால்.

முதல் நாள் ஏறாதீர்கள். ஊரிலிருந்து அப்பர் பூத் பக்கம் வயல் வழியாகப் போய் வாருங்கள். காலணி கடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறுங்கள். மேலே போனதும் இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். வலப்பக்கம் முகட்டோடு போனால் மாம் டோர் மலை, உயரம் 517 மீட்டர். முகடு நெடுகக் கல் பாவிய பாதை என்பதால் வழி தவற வாய்ப்பில்லை. திரும்பி ஹாலின்ஸ் கிராஸ் வந்து மறுபக்கம் இறங்கினால் காசில்டன். அங்கே சாப்பிட்டுவிட்டு, ஹோப் நிலையத்துக்குப் பேருந்திலோ, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சமதரையில் நடந்தோ போய், அடுத்த நிறுத்தமான ஈடேலுக்கு ரயிலில் திரும்பிவிடலாம். அதாவது ஒரு தடவை ஏறினால் போதும். எங்கள் ஐந்து நாளில் இதுதான் மிகச் சிறந்த நாள்.

மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் முழங்கால் ஒத்துழைத்தால் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். ஸ்காட்லாந்து எல்லைவரை போகும் பென்னைன் வே நெடும்பாதை ஈடேலில் ஓல்டு நாக்ஸ் ஹெட் பப் வாசலில்தான் தொடங்குகிறது. அதிலேயே போய் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படியில் ஏறுவது சுலபம். கிண்டருக்குக் கூரான உச்சி கிடையாது. மேலே கரி மண் சேறாகப் பரந்த மேட்டுநிலம். பனிமூட்டம் இறங்கினால் எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும். கீழிருந்து பார்க்கும்போது மேல்விளிம்பு மேகத்துக்குள் இருந்தால் அன்று ஏறாதீர்கள். நான் தனியாகப் போய், பாதிப் படியிலேயே திரும்பி வந்தேன். வருத்தமில்லை.

குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும். தலைமூடி உள்ள மழைச்சட்டை, கணுக்கால் பிடிக்கும் காலணி, ஒரு கம்பளி, நெற்றி விளக்கு, விசில், தண்ணீர். ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் காயவே காயாது. புல்லில் உண்ணி இருக்கும், பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், ராத்திரி முழங்கால் மடிப்பைப் பாருங்கள். மாடுகள் நம்மூர் மாடு மாதிரி சாது என்று நினைத்துக் கன்றுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். சுற்றிப் போங்கள். எதிரே வருகிறவர்கள் "மார்னிங்" என்பார்கள், நீங்களும் சொல்லிவிடுங்கள்.

8. ஏதாவது ஆகிவிட்டால்

மலையில் விழுந்துவிட்டால் 999 அடித்து, காவல்துறை வேண்டும் என்று சொல்லி, பிறகு மலை மீட்புக் குழுவைக் கேட்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். ஆம்புலன்ஸ் என்று தொடங்கினால் நேரம் போகும். அழைப்பு போகாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு உள்ளூர் சிம்மிலிருந்து முன்கூட்டியே 999க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி கேட்கும். அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் நம்மைப் போன்ற பார்வையாளருக்கு அவர்கள் விலையில் ஒன்றரை மடங்கு. பயணக் காப்பீடு எடுக்கும்போது மலை நடைக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னுடைய முதல் காப்பீட்டில் மலையேற்றம் சேராது என்று பதினோராம் பக்கத்தில் போட்டிருந்தது.

9. கிளம்பும் நாள்

விமானம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சனியே மான்செஸ்டர் வந்துவிடுங்கள். வார நாளென்றாலும் தேவையான வண்டிக்கு இரண்டு வண்டி முந்தியதைப் பிடியுங்கள். மணிக்கு ஒன்று என்பதால் ஒன்று ரத்தானாலும் ஒரு மணி நேரம் போய்விடும். சேறு படிந்த காலணியை முந்தின நாளே கழுவிக் காயவையுங்கள், நாங்கள் அப்படியே பையில் திணித்ததில் புதுத் துணியெல்லாம் கரி மண். ஈடேலில் இரண்டு நடைமேடை உண்டு. மான்செஸ்டர் போகும் பக்கம் எது என்று பலகையில் பார்த்துவிட்டு நில்லுங்கள், எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு உங்கள் வண்டி கிளம்புவதைப் பார்க்க வேண்டாம்.